கோபன்ஹேகனில் ஒரு சனி, ஞாயிறு: சைக்கிளில் நான்காம் கிறிஸ்டியானின் நகரம்

காவிரிக்கழிமுகம்

கோபன்ஹேகனுக்கு வடக்கே லுங்பியில் இருக்கிற டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிக்க வந்திருக்கிறேன். சிவில். சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம். போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் சைக்கிளிலேயே நகரத்தைச் சுற்றினேன். எல்லாரும் போகிற வரிசையில் போகவில்லை. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

1588 முதல் 1648 வரை ஆண்ட நான்காம் கிறிஸ்டியான் என்ற ராஜா கட்டியவற்றைத் தேடிப் போவது என்று முடிவு பண்ணிக்கொண்டேன். ஊர்ப்பாசம்தான் காரணம். 1616இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தவர் இவர். இவர் அனுப்பிய ஓவ கெட்ட (Ove Gjedde) என்ற கப்பல் தளபதி 1618இல் கப்பல் ஏறினபோது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்ட உரிமை வாங்கினார். அந்த டான்ஸ்போர்க் கோட்டையைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். அதைக் கட்டச் சொன்னவர் தன் சொந்த ஊரில் என்னவெல்லாம் கட்டினார் என்று பார்க்காமல் எப்படி ஊர் திரும்புவது?

சனிக்கிழமை காலை லுங்பியிலிருந்து தெற்கே இறங்கினேன். வழியில் பிஸ்பெபியர் மேட்டில் குருண்ட்விக் தேவாலயம். இது கிறிஸ்டியான் கட்டியதில்லை. 1921இல் ஆரம்பித்து 1940இல் முடிந்தது. ஆனாலும் சிவில் படிக்கிறவர்கள் யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. தூண், வளைவு, கூரை, பிரசங்க மேடை எல்லாமே ஒரே மஞ்சள் செங்கல். பூச்சு கிடையாது, ஓவியம் கிடையாது, வண்ணக் கண்ணாடி கிடையாது. முகப்பு ஆர்கன் வாத்தியத்தின் குழாய்கள் மாதிரி படிப்படியாக மேலே போகிறது. வடிவமைத்த யென்சன் கிளின்ட் 1930இல் இறந்துவிட, மகன் கோரெ கிளின்ட் முடித்துக் கொடுத்தார். உள்ளே போட்டிருக்கிற மர நாற்காலிகளும் மகனுடைய வடிவமைப்பு. ஒரு தூணின் மூலையில் கை வைத்துப் பாருங்கள். செங்கல்லுக்குச் செங்கல் எவ்வளவு பொறுமையாகத் தேய்த்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியும்.

அங்கிருந்து நோரப்ரோ வழியாக நகரத்துக்குள் இறங்கினேன். சூப்பர்கீலன் பூங்காவின் கறுப்புத் தரையும் வெள்ளைக் கோடுகளும் படம் எடுக்க நன்றாக இருக்கும், ஐந்து நிமிஷம் போதும். அசிஸ்டன்ஸ் கல்லறைத் தோட்டத்தில் கதாசிரியர் ஆண்டர்சன், தத்துவ அறிஞர் கீர்க்ககோர், இயற்பியல் அறிஞர் நீல்ஸ் போர் மூன்று பேரும் அடக்கமாகியிருக்கிறார்கள். சைக்கிளுக்கென்று விட்டிருக்கிற பாதையிலேயே உள்ளே போகலாம். நீல்ஸ் போரின் கல்லறைக்கு மேல் ஒரு ஆந்தைச் சிலை. பிறகு லூயிஸ ராணிப் பாலம். சனிக்கிழமை மத்தியானம்கூடச் சைக்கிள்கள் ஆறாக ஓடின.

பாலம் தாண்டினதும் ராஜாவின் நகரம் ஆரம்பம். முதலில் வட்டக் கோபுரம். 1637இல் தொடங்கி 1642இல் முடித்தது, 34.8 மீட்டர் உயரம். மேலே வானிலை ஆய்வு இல்லை, வானியல் ஆய்வகம். உள்ளே படிக்கட்டே கிடையாது, கடைசிக் கொஞ்சம் தவிர. செங்கல் பாவிய சரிவுப் பாதை ஒன்று ஏழரைச் சுற்றுச் சுற்றி மேலே போகிறது. கோபுரத்தோடு ஒட்டின தேவாலயத்தின் கூரைக்கடியில்தான் பல்கலைக்கழக நூலகம் இருந்தது. புத்தகங்களையும் கருவிகளையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போகலாம். ரஷ்யப் பேரரசர் பீட்டர் 1716இல் குதிரையிலேயே உச்சிக்குப் போனார் என்பார்கள். அந்த நூலகத்தை 1728 தீ தின்றுவிட்டது. கோபுரம் நின்றது.

அடுத்து ரோசன்போர்க் அரண்மனை, அதற்கப்புறம் நியூபோதர். கடற்படை ஆட்களின் குடும்பங்களுக்காக 1631இல் ஆரம்பித்த வரிசை வீடுகள். நீளமான மஞ்சள் வரிசைகள். பழைய ஒற்றை மாடி வரிசை ஒன்று சாங்ட் பவுல்ஸ் தெருவில் இன்னும் இருக்கிறது. அரண்மனையைவிட எனக்கு இதுதான் பிடித்தது. ராஜாவின் கப்பல் ஆசைக்கு வேலை பார்த்த தச்சனும் மாலுமியும் இங்கேதான் குடியிருந்தார்கள். சாயங்காலம் சைக்கிளை எஸ்-ரயிலில், அதாவது புறநகர் ரயிலில், ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன். 2010 முதல் எஸ்-ரயிலில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துறைமுகம் பக்கம். அதைத் தனியாக எழுதுகிறேன், கை வலிக்கிறது.

ஊர்சுற்றி86

நல்ல பதிவு. ஆனால் நைஹவ்ன் கால்வாய்த் தெரு, கடற்கன்னி சிலை, டிவோலி கேளிக்கைப் பூங்கா எதுவும் இல்லாமல் கோபன்ஹேகனா? ஆபீஸ் வேலையாக வந்தபோது நான் இந்த மூன்றையும் ஒரே நாளில் முடித்தேன். முதல்முறை வருகிறவர்களுக்கு ராஜா கணக்கு எல்லாம் கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. ஊர் திரும்பினதும் வீட்டில் கேட்பது கடற்கன்னி போட்டோவைத்தான்.

முதல்செமஸ்டர்

அக்கா, நான் ஜனவரியில் கோபன்ஹேகன் வருகிறேன், ஆறு மாசம். எட்டாம் கிளாஸுக்கு அப்புறம் சைக்கிளே தொட்டதில்லை. அங்கே சைக்கிள் வாடகைக்கு எடுப்பதா, வாங்குவதா? வலது பக்கம் ஓட்டணும் என்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. குளிரில் ஓட்ட முடியுமா? அம்மா வேறு ஹெல்மெட் இல்லாமல் ஏறவே கூடாது என்கிறார்.

வல்லைவெளி

தங்கச்சிமார் ரெண்டு பேருக்கும் வணக்கம். நான் எண்பதுகளில டென்மார்க் வந்தனான். முதல் யூலாண்ட் பக்கம், பிறகு பிள்ளையளின்ர படிப்புக்கு எண்டு கோபன்ஹேகன். ஊரில சைக்கிள் ஓடித் திரிஞ்ச ஆக்களுக்கும் இஞ்ச ஒழுங்கு வேற. அதைச் சொல்லிவிடுறன்.

வலப்பக்கம் ஓடுறது ரெண்டு நாளில பழகிவிடும். பயப்பிட வேண்டியது இடப்பக்கம் திரும்பிற இடத்தை. சந்தியில நடுறோட்டுக்கு வந்து கார் மாதிரித் திரும்பக் கூடாது. நேர போய், சந்திக்கு அங்கால கரையில நிண்டு, சைக்கிளைத் திருப்பி, அடுத்த பச்சைக்குக் குறுக்கால போக வேணும். ரெண்டு படியாத்தான் திரும்பிறது. நிக்கப் போறீங்களெண்டால் கையை மேல தூக்கிக் காட்டுங்கோ, பின்னால வாற ஆக்கள் விளங்கிக்கொள்ளுவினம். மெதுவாப் போறதெண்டால் வலக்கரையைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ. காலமை வேலைக்குப் போற நேரம் பாதை நடுவில நிண்டு போன் பார்த்தால் ஆரும் பொறுக்க மாட்டினம். போனைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடுறது சட்டப்படியும் குற்றம்.

பஸ் தரிப்பிடத்தில ஆக்கள் இறங்க எண்டு தனித் திட்டு இல்லையெண்டால், அவை இறங்கி முடியும்வரை நீங்கள் நிக்க வேணும். அவை நேர சைக்கிள் பாதையிலதான் கால் வைப்பினம். பொழுதுபட்டால் முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு லைட் கட்டாயம். மார்கழியில பின்னேரம் மூண்டே முக்காலுக்கு முந்தியே சூரியன் விழுந்திடும், அதால லைட் எப்பவும் பையில இருக்கட்டும்.

ஹெல்மெட் சட்டத்தில இல்லை. ஆனால் அம்மா சொல்லுறதைக் கேளுங்கோ, பிள்ளை.

குளிர் பெரிய பிரச்சினை இல்லை. பனி கொட்டினால் மாநகராட்சி முதல் வழிக்கிறது சைக்கிள் பாதையைத்தான். காற்றுத்தான் பிரச்சினை. எதிர்க்காற்றில அஞ்சு கிலோமீற்றர் மிதிக்கிறது பத்துக்குச் சமன். நல்ல கையுறை ஒண்டு வாங்குங்கோ, மற்றதெல்லாம் பிறகு பாப்பம்.

காவிரிக்கழிமுகம்

வல்லைவெளி அண்ணா சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். மிக்க நன்றி.

@முதல்செமஸ்டர்: ஆறு மாசம் என்றால் பழைய சைக்கிள் வாங்கிவிடுங்கள். போகும்போது அடுத்து வருகிற மாணவருக்கே விற்றுவிடலாம். இரண்டு விஷயம் பார்த்து வாங்குங்கள். ஒன்று, சட்டகத்தில் பொறித்த எண். 1942 முதல் டென்மார்க்கில் விற்கிற ஒவ்வொரு சைக்கிளுக்கும் அது இருந்தாக வேண்டும். எண்ணைச் சுரண்டியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கிளம்பி வந்துவிடுங்கள், திருட்டு வண்டியாக இருக்கும். எண் இருந்தால் அது திருடுபோனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று போலீஸ் தளத்திலேயே பார்க்கலாம். விற்பவரிடம் கையெழுத்துப் போட்ட ரசீதும் வாங்குங்கள். இரண்டாவது பிரேக். இங்கே பழைய வண்டிகளில் பின் பிரேக் கையில் இருக்காது, பெடலைப் பின்பக்கம் மிதித்தால் சக்கரம் நிற்கும். விடுதி முற்றத்திலேயே அதைப் பழகிக்கொண்டு அப்புறம் ரோட்டுக்குப் போங்கள்.

ஒரு வாரத்துக்கு மட்டும் வருகிறவர்களுக்கு ஆப் வழியாக எடுக்கிற வாடகை சைக்கிள் போதும்.

@ஊர்சுற்றி86: நைஹவ்னை விடவில்லை, ஞாயிறு கணக்கில் வருகிறது. கடற்கன்னியையும் பார்த்தேன். 1913இல் வைத்த சிலை, உயரம் 1.25 மீட்டர். கூட்டத்துக்கு நடுவே அவள் எவ்வளவு சின்னவளாக இருக்கிறாள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. அதற்காகத் தனியாக அரை நாள் ஒதுக்க வேண்டியதில்லை. சைக்கிளில் காஸ்டெலட் கோட்டை பக்கம் போனால் வழியிலேயே வருகிறது.

இப்போது ஞாயிறு.

முதலில் ஹோல்மன் தேவாலயம். அது நங்கூரம் அடிக்கிற உலைக்கூடமாக இருந்தது. கிறிஸ்டியான் அதைக் கடற்படைக்கான கோயிலாக மாற்றினார். எதிரே கால்வாய்க்கு அந்தப் பக்கம் பழைய பங்குச்சந்தை, பேர்சன். கீழ்த்திசை வியாபாரம் கொழிக்கும் என்ற நம்பிக்கையில் கிறிஸ்டியான் எழுப்பிய கட்டடம். நான்கு டிராகன்களின் வால்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு மேலே போகிற கோபுரம் அதன் அடையாளம். 2024 ஏப்ரல் 16 காலை அது எரிந்து தெருவில் சரிந்தது. பழுதுபார்ப்பதற்காகச் சாரம் கட்டியிருந்த நேரம். தெருவில் போனவர்கள்கூட உள்ளே ஓடி நூற்றாண்டுப் பழமையான ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இப்போது திரும்பக் கட்டுகிறார்கள். அந்த வேலையை வேலிக்கு இந்தப் பக்கம் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தேன். நானூறு வருஷத்துச் சுவரை இடிக்காமல் தாங்கிப் பிடித்துத் திரும்ப எழுப்புவதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை.

அங்கிருந்து கினிபல்ஸ் பாலம் ஏறினால் கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன். கடலோரச் சதுப்பை நிரப்பி, டச்சுக்காரர் ஒருவரை வைத்துத் திட்டம் போட்டு, நேர்க்கோட்டுத் தெருக்களும் நடுவில் கால்வாயுமாகக் கிறிஸ்டியான் உண்டாக்கிய வியாபாரிகள் பட்டணம். ராணுவ மதிலும் அகழியும் இன்னும் கிழக்குப் பக்கம் இருக்கின்றன, மேலே மரநிழலில் நடைபாதை.

நான் தேடிப் போன இடம் இங்கே ஸ்ட்ரான் தெருவின் கோடியில் இருக்கிறது. ஆசியச் சதுக்கம். 1730களில் தொடங்கிய ஆசியக் கம்பெனியின் தலைமையகமும், 1750இல் எயிட்வெட் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய கிடங்கும் தண்ணீர் ஓரத்தில் நிற்கின்றன. தரங்கம்பாடிக்கும் சீனாவுக்கும் போன கப்பல்களின் சரக்கு இறங்கிய இடம். இப்போது வெளியுறவு அமைச்சகம் அங்கே இருக்கிறது, கிடங்கில் கூட்டங்கள் நடக்கின்றன. பலகை படித்துக்கொண்டு நிற்பதற்கு எதுவும் இல்லை. ஒரு பெரிய கட்டடம், ஒரு படித்துறை, எதிரே தண்ணீர். எனக்கு அது போதுமாக இருந்தது.

திரும்புவதற்கு உட்துறைமுகப் பாலம் ஏறி நைஹவ்ன். ஆண்டர்சன் வெவ்வேறு காலங்களில் 20, 67, 18 ஆகிய மூன்று வீடுகளில் இந்தத் தெருவில் குடியிருந்தார். கூட்டம் அதிகம், அதனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன்.

பாலம்_பார்ப்பவன்

சிவில் மாணவி என்று சொல்லிவிட்டு சைக்கிள் பாம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே! டிபொல் பாலத்திலிருந்து துறைமுகக் குளத்துக்கு மேலே வளைந்து வளைந்து இறங்குகிற ஆரஞ்சுப் பாதை. 2014இல் திறந்தது. அதற்கு முன் பேரங்காடி வாசலில் படிக்கட்டு வழியாகச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும், கீழே நடப்பவர்களோடு இடிபட வேண்டும். நடப்பவர்களைக் கீழேயே விட்டுவிட்டுச் சைக்கிளை மட்டும் மேலே தூக்கினார்கள், பிரச்சினை தீர்ந்தது. மறுமுனையில் 2006இல் கட்டிய பிரிகே பாலம். இரண்டையும் சேர்த்தால் வெஸ்டர்ப்ரோவிலிருந்து அமாகருக்கு ஒரு சிக்னல்கூட இல்லாமல் துறைமுகத்தைத் தாண்டிவிடலாம்.

உட்துறைமுகப் பாலம் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் நகர்கிற அமைப்பு என்பது புதுமைதான். ஆனால் அந்த நகர்வுக்காகச் சைக்கிள் பாதையை நடுவில் இடமும் வலமுமாக மடக்க வேண்டியதாயிற்று. சரிவில் வேகமாக வருகிற இடத்தில் திருப்பம். வருஷக்கணக்கில் தாமதமாகி 2016இல் திறந்தார்கள். புது ஆட்கள் அங்கே மெதுவாகப் போங்கள், கோடு தாண்டி நடைபாதைக்குள் ஏறிவிடாதீர்கள்.

மாறாக வட்டப் பாலம், கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன் கால்வாயின் வாயில், ஓலாவுர் எலியசன் என்ற கலைஞர் வடிவமைத்து 2015இல் திறந்தது. ஐந்து வட்ட மேடைகள், ஒவ்வொன்றிலும் கப்பல் பாய்மரம் மாதிரிக் கம்பம். அதுவும் வேகத்தைக் குறைக்கச் சொல்கிற பாலம்தான். ஆனால் அங்கே நீங்களே நின்றுவிடுவீர்கள், தண்ணீரைப் பார்க்க.

காவிரிக்கழிமுகம்

பாம்பை அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறேன், கிறிஸ்டியான் கணக்கில் அது சேரவில்லை என்பதால். நடுத்திருப்பம் பற்றிச் சொன்னது சரி. நான் போனபோது எதிரே வந்த சரக்குப்பெட்டிச் சைக்கிள் அந்த மடிப்பில் திரும்ப ரொம்பச் சிரமப்பட்டது. முன்னால் இரண்டு குழந்தைகள் பெட்டியில். அந்த நீளத்துக்கும் அகலத்துக்கும் வளைவு ஆரம் போதாது என்று பார்த்தாலே தெரிகிறது.

நாஞ்சில்_நடை

வேறு கோணத்தில் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலனி பிடிக்கப் புறப்பட்ட ராஜா கட்டிய கட்டடங்களை "எங்க ஊருக்கு வந்தவர்" என்ற பாசத்தோடு சுற்றிப் பார்ப்பது சரியா? டேனிஷ் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கரீபியன் தீவுகளுக்கு ஏற்றிப் போனவை. அந்தத் தீவுகளை 1917இல் அமெரிக்காவுக்கு விற்கும்வரை வைத்திருந்தார்கள். தரங்கம்பாடியையும் 1845இல் பிரிட்டிஷ்காரர்களுக்கு விலை பேசித்தான் விற்றார்கள். அங்கே குடியிருந்தவர்களை யார் கேட்டார்கள்? கோபன்ஹேகன் கட்டடங்களைப் பார்க்கும்போது அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே வர வேண்டாமா?

காவிரிக்கழிமுகம்

வர வேண்டும். அந்தக் கேள்விதான் என்னை ஆசியச் சதுக்கத்துக்கே கூட்டிப்போனது. அங்கே நின்றபோது எனக்கு வந்தது பெருமை இல்லை. மிளகும் துணியும் இங்கே இறங்கின, யாருடைய கை நெய்த துணி என்று எங்கும் எழுதவில்லை.

ஆனால் ஒரு விவரம் சொல்ல வேண்டும், பணக் கணக்கு என்று பார்த்தால். கிறிஸ்டியான் காலத்துக் கம்பெனி லாபம் பார்க்கவில்லை. அவர் ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போருக்குள் போய் விழுந்து கஜானாவைக் காலி பண்ணினார். 1640களுக்குப் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து தரங்கம்பாடிக்குக் கப்பலே வரவில்லை. கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராக இறந்தும் ஓடியும் போக, கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்க என்ற ஒரே ஆள் மிஞ்சினார். உள்ளூர் ஆட்களின் துணையோடுதான் அவர் அந்தக் கோட்டையைக் காப்பாற்றி வைத்திருந்தார். கோபன்ஹேகன் மறந்துபோன கோட்டையை நம் கரையில் இருந்தவர்கள் பிடித்து நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

கட்டடங்களில் பெரும்பணம் வந்தது அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, ஆசியக் கம்பெனி காலத்தில், முக்கியமாகச் சீன வியாபாரத்தில். அடிமை வியாபாரம் நீங்கள் சொன்ன மாதிரி அதே காலத்தில், மேற்கே. இரண்டுக்கும் பின்னால் இருந்த வியாபாரிகளின் மாளிகைகள் நைஹவ்னுக்குப் பக்கத்திலேயே வரிசையாக இருக்கின்றன. அதனால்தான் படம் எடுத்துவிட்டு நகர்வதைவிட ஒரே கேள்வியோடு நகரத்தைச் சுற்றுவது எனக்குச் சரியாகப் பட்டது. சைக்கிள் இல்லாவிட்டால் இது முடியாது. பஸ்ஸில் இறங்கி ஏறினால் இடங்கள் தனித்தனியாகவே இருக்கும். பங்குச்சந்தையிலிருந்து கிடங்குக்குச் சில நிமிஷம், கிடங்கிலிருந்து மாலுமிகள் வீட்டுக்குக் கொஞ்ச தூரம் என்று காலால் மிதித்துப் போகும்போதுதான் எது எதற்காகக் கட்டினது என்று புரிகிறது.

நாஞ்சில்_நடை

ஏற்றுக்கொள்கிறேன். கொங்ஸ்பாக்க கதை எனக்குப் புதிது. கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகம் 2000களில் தரங்கம்பாடியில் ஆய்வும் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையும் செய்தது. அந்த அருங்காட்சியகத்தையும் உங்கள் வரிசையில் சேருங்கள்.

வல்லைவெளி

நல்லாக் கதைக்கிறீங்கள் ரெண்டு பேரும். நான் இன்னொரு விஷயம் சொல்ல வேணும். இஞ்ச வாற பொடியள் எல்லாம், டேனிஷ்காரர் பிறக்கேக்கயே சைக்கிளோட பிறந்தவை எண்டு நினைக்கினம். அப்பிடி இல்லை. அறுபதுகளில எல்லாரும் கார் வாங்கி, சைக்கிள் ஓடுறவை குறைஞ்சு போச்சினம். 1973இல எண்ணெய் தட்டுப்பாடு வந்து ஞாயிற்றுக்கிழமையில கார் ஓடக் கூடாது எண்டு அரசாங்கம் தடை போட்டுது. அதுக்குப் பிறகு எழுபதுகளின்ர கடைசியில சனம் ஆயிரக்கணக்கில சைக்கிளோட நகரசபைச் சதுக்கத்தில கூடிப் போராட்டம் செய்தது. ஆக்கள் அடிபட்டுச் செத்த சந்திகளில வெள்ளைச் சிலுவை கீறி வைச்சினம். நான் வந்த காலத்தில அந்தக் கதை எல்லாரின்ர வாயிலயும் இருந்தது. இண்டைக்குத் தங்கச்சி நிம்மதியா மிதிச்சுக்கொண்டு போற பாதை, கேட்டு வாங்கின பாதை. நோரப்ரோ வீதியில மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில போனால் காலமையில பச்சை விளக்கு தொடர்ந்து விழும். அதுவும் சைக்கிளுக்கு எண்டே கணக்குப் பார்த்துச் செய்தது.

ஊர்சுற்றி86

இது எனக்குத் தெரியாது, நன்றி. இலவச சைக்கிள் ஒன்று இருந்ததாக என் சீனியர்கள் சொல்வார்கள், அது என்ன ஆயிற்று?

வல்லைவெளி

1995இல வந்தது. சூப்பர்மார்க்கெட் வண்டில் மாதிரித்தான், 20 குரோனர் காசு போட்டால் பூட்டுத் திறக்கும், திருப்பி விட்டால் காசு வரும். பாரமான சைக்கிள், வேகம் வராது, ஆனால் சுற்றுலா ஆக்களுக்குக் காணும். 2012இல நிப்பாட்டிச்சினம். பிறகு திரை வைச்ச மின்சார சைக்கிள் விட்டவை, அதுவும் இப்ப இல்லை. இப்ப எல்லாம் ஆப்தான்.

முதல்செமஸ்டர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பயம் பாதி போயிடுச்சு. இன்னும் இரண்டு கேள்வி. நான் சைவம், நாள் முழுக்கச் சுற்றினால் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவது? ஊருக்கு வெளியே, கூட்டம் இல்லாத இடம் ஏதாவது சொல்லுங்கள், முதல் வாரம் பழகுவதற்கு.

காவிரிக்கழிமுகம்

சாப்பாட்டை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள். வெளியே சாப்பிடுவது மாணவர் கைக்கு எட்டாது. நான் எலுமிச்சை சாதமும் வறுத்த உருளையும் கொண்டுபோனேன், துறைமுகத்து மரப்படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கே எல்லாருமே டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரே நல்லது. மத்தியானத்துக்குமேல் ஏலக்காய் வாசனையோடு பன் கிடைக்கும் பேக்கரிகள் எல்லாத் தெருவிலும் உண்டு. ஏலக்காய்க்கு இவர்கள் கொடுக்கிற மரியாதையைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும்.

பழகுவதற்கு மான் பூங்காதான் என் யோசனை. கிளாம்பன்போர்க் வரை எஸ்-ரயில், சிவப்பு வாசல் தாண்டினால் காடு. கார் கிடையாது. கிட்டத்தட்ட 2,000 மான்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. நடுவில் மேட்டில் 1736இல் கட்டிய வேட்டை மாளிகை, அங்கிருந்து கடல் தெரியும். ராஜாக்கள் நாயும் குதிரையுமாக வேட்டையாட வெட்டின நேர்க்கோட்டுப் பாதைகள் இப்போது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. பின்பிரேக்கையும் கை சிக்னலையும் அங்கே பழகலாம். மண் பாதை, மழை பெய்திருந்தால் வழுக்கும்.

பாலம்_பார்ப்பவன்

அடுத்து எங்கே? கிறிஸ்டியான் கணக்கில் மீதி இருக்கிறதே, அவரை எங்கே புதைத்தார்கள்?

காவிரிக்கழிமுகம்

ரோஸ்கில்ட பேராலயத்தில். டென்மார்க் ராஜாக்கள் பலருக்கும் அங்கேதான் இடம். அவருக்குத் தனி மண்டபம். இங்கிருந்து 35 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. காலையில் சீக்கிரம் புறப்பட்டால் மத்தியானத்துக்குள் போய்விடலாம் என்று நினைக்கிறேன். வரும்போது ரயில். ஆனால் அது எஸ்-ரயில் இல்லை, சைக்கிளுக்கு டிக்கெட் எடுக்கணும்தானே, அண்ணா?

வல்லைவெளி

ஓம், அதில சைக்கிளுக்கும் டிக்கெட் வேணும். சைக்கிள் அடையாளம் போட்ட பெட்டியில மட்டும் ஏறுங்கோ. ஞாயிறு பின்னேரம் அந்த வண்டி நிரம்பி வரும், சைக்கிளுக்கு இடம் கிடையாமல் அடுத்த வண்டிக்கு நிக்க வேண்டி வரலாம், அதையும் கணக்கில எடுங்கோ. போற நாளில காற்று மேற்கில இருந்து அடிச்சால் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கோ: போகேக்க ரயில், வரேக்க சைக்கிள். முழுத் தூரமும் காற்று முதுகில தள்ளிக்கொண்டு வரும்.